செல்லூரில் பன்னிரண்டு தொட்டிகள்

சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பது. செல்லூரில் நான் நின்றிருந்த சந்துக்குள் வெளிச்சம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைத் துணி. வாசலில் இருந்த கல்தொட்டியின் மேல் ஒரு பெண் குனிந்து, துணியின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, அதைத் தண்ணீருக்குள் மெல்ல இழுத்தாள். எதிர்ப்பக்கம் வந்ததும் நான்கு மூலைகளையும் சேர்த்துத் தூக்கிச் சாக்கடையில் உதறினாள். மறுபடி இழுத்தாள். இப்படி நான்கு முறை. பிறகு தண்ணீரை உற்றுப் பார்த்தாள். திருப்தி ஏற்பட்டிருக்க வேண்டும். துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

எதிர் வீட்டு வாசலில் இன்னொரு பெண் மாவு சலிக்கும் சல்லடையால் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். சந்தின் கடைசி வீட்டில் ஒருவர் சொம்பால் மொண்டு மொண்டு பார்த்து ஊற்றினார். நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சந்தின் முழு நீளத்தையும் நடந்து பார்த்தேன். பன்னிரண்டு வீட்டுத் தொட்டிகளில் ஒன்பதில் வேலை நடந்துகொண்டிருந்தது, அல்லது அப்போதுதான் முடிந்திருந்தது.

அந்தப் பன்னிரண்டு தொட்டிகளிலும் எத்தனை கொசுப்புழு இருக்கிறது என்று எண்ணுவதற்கு, இன்னும் இரண்டு மணி நேரத்தில் இரண்டு மாணவர்கள் அங்கே வரவிருந்தார்கள். பத்து வாரமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பியவன் நான்.

1930களின் நடுப்பகுதி அது. பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன், மதுரையில் ஒரு கல்லூரியின் இயற்கை விஞ்ஞானத் துறையில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தவளையை மெழுகுத் தட்டில் குண்டூசியால் குத்திப் பரப்பி, உறுப்புகளைக் காட்டி, பி.ஏ. மாணவர்களைப் படம் வரைய வைப்பது என் வேலை. அவர்கள் வரைந்த படங்கள் எல்லாம் புத்தகத்துப் படத்தைப் போலவே இருந்தன. எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் ஒரு தவளையின் வலது சிறுநீரகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு மேசையில் வைத்தேன். பதினான்கு பேர் வரைந்தார்கள். பதினான்கு படங்களிலும் இரண்டு சிறுநீரகங்கள் இருந்தன.

அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனேன். மாணவர்கள் புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தாங்களே பார்த்து எழுத வேண்டும், அதற்கு ஆண்டுக்கு ஒரு சிறு ஆராய்ச்சி கொடுக்கலாம் என்றேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இரண்டு பேருக்கு மட்டும். பாடம் கெடக்கூடாது. சனிக்கிழமை மட்டும்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தக் காலத்தில் அது பெரிய சலுகை. பட்டம் வாங்கும் முன் ஒருவன் ஆராய்ச்சி செய்வது என்பது, தாலி கட்டும் முன் சீமந்தம் வைப்பது போலத்தான் மற்ற ஆசிரியர்களுக்குத் தோன்றியது. ஓய்வறையில் ஒருவர் அதை அப்படியே சொல்லவும் செய்தார்.

இருவரில் ஒருவன் சமயநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவான்; அவனை ஊர்க்காரன் என்று வைத்துக்கொள்வோம். மற்றவன் தல்லாகுளத்தில் இருந்த கோர்ட்டு குமாஸ்தாவின் மகன், வாய் ஓயாது. ஊர்க்காரன் கொண்டுவந்த யோசனைதான் எங்கள் ஆராய்ச்சி. தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல் ஒரு சின்ன மீன் அவர்கள் ஊர்க் கண்மாயில் உண்டு. அது நிற்கும் தண்ணீரில் கொசுப்புழு இருப்பதில்லை என்று அவன் கவனித்திருந்தான். செல்லூரில் நெசவு வீடுகளின் வாசலில் நூல் நனைக்கும் தொட்டிகள் இருந்தன. அவற்றில் புழுவுக்குக் குறைவே இல்லை. ஒரு சந்தில் பன்னிரண்டு வீடுகளைக் கேட்டுச் சம்மதம் வாங்கினோம். ஒன்று விட்டு ஒன்றாக ஆறு தொட்டிகளில் மீனை விட்டோம். மற்ற ஆறில் விடவில்லை. வாரம் ஒருமுறை வெள்ளை எனாமல் கிண்ணத்தால் தொட்டிக்குப் பத்து தடவை மொண்டு, புழுக்களை எண்ணி எழுத வேண்டும்.

ஒருவன் மொண்டு எண்ணிச் சொல்வான், மற்றவன் எழுதுவான். "நல்லா உரக்கச் சொல்லு. அப்பத்தான் எழுதுறவனுக்குத் தப்பு வராது," என்று சொல்லிக் கொடுத்தவன் நான்.

முதல் இரண்டு வாரம் நானும் கூடப் போனேன். ஊர்க்காரன் முதல் கிண்ணத்தை ஒன்று என்று சொல்லமாட்டான். களத்தில் நெல் அளப்பவர்களைப் போல "லாபம்" என்றுதான் தொடங்குவான்.

"லாபம்… பதினாலு! ரெண்டு… ஒம்பது! மூணு… இருவது!"

தறிக்கூடத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஏன் தம்பி, புழுவுல என்ன லாபத்தைக் கண்டீக?"

"எங்கூர்ல எதை அளந்தாலும் இப்படித்தான்க்கா ஆரம்பிப்பாக."

"அப்ப எங்க வீட்டுல ரெண்டு மூடை அளந்து கட்டிக்கிட்டுப் போங்க. வண்டி கொண்டாந்திருக்கீகளா?"

சந்து முழுக்கச் சிரித்தது. தல்லாகுளத்தான் நோட்டை மூடி வைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தான். எனக்கும் அது நல்ல சகுனமாகவே பட்டது. ஜனங்கள் ஒத்துழைக்கிறார்கள் என்று துறைத்தலைவரிடம் சொன்னேன்.

ஊர்க்காரனுக்கு அந்த நோட்டு வெறும் பாடமல்ல. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் ஆண்டுக்கு ஒரு பட்டதாரியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தோடு, தானே செய்த ஆராய்ச்சி ஒன்றின் அறிக்கை துறைத்தலைவர் கையெழுத்துடன் போக வேண்டும். கடைசி நாள் ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை. அப்படி அறிக்கை வைத்திருக்கும் மாணவர்கள் இந்த மாகாணத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது என்பது எங்கள் கணக்கு. இடம் கிடைக்காவிட்டால், தாய்மாமன் வைத்திருந்த பருத்தி அரைவை மில்லில் அவனுக்கு ஒரு நாற்காலி தயாராக இருந்தது. அவன் தகப்பனார் ஒருமுறை கல்லூரிக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "பரிச்சை எழுதட்டும். அங்கிட்டு மெட்ராஸுக்குப் போறதுன்னா இந்த வருசமே போகட்டும். இல்லைன்னா மில்லுக்கு வரட்டும். வருசம் வருசமா காத்திருக்கிறதுக்கு அவன் மாமன் ஒத்துக்கிட மாட்டாக."

மூன்றாவது வாரத்திலிருந்து எண்ணிக்கை இறங்கியது. மீன் விட்ட தொட்டிகளில் இறங்கியது. அது நாங்கள் எதிர்பார்த்தது. மீன் விடாத தொட்டிகளிலும் இறங்கியது. எட்டாவது வாரத்தில் மீன் இல்லாத ஒரு தொட்டியில் பத்துக் கிண்ணத்துக்கு நான்கே புழு.

"மீனோட பேரைக் கேட்டே புழு ஓடிருச்சு சார்," என்றான் தல்லாகுளத்தான்.

துறைத்தலைவர் நோட்டைப் பார்த்துவிட்டு, மார்கழி, தை மாதத்துக் குளிரில் புழு குறையும் என்றார். மீன் இருக்கும் தொட்டிக்கும் இல்லாத தொட்டிக்கும் இன்னும் வித்தியாசம் தெரிகிறது, அது போதும், எழுதச் சொல் என்றார். ஊர்க்காரன் அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்கினான்.

குளிர் என்ற காரணத்தை நானும் நம்பியிருப்பேன். ஆனால் சோதனைச்சாலைக்குப் பின்புறம் தோட்டக்காரர் வைத்திருந்த ஒரு தொட்டியில் நானே பொழுதுபோக்காக மொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அதே குளிர்தான். அங்கே எண்ணிக்கை இறங்கவில்லை. அதனால்தான் பத்தாவது வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், விடியும் நேரத்தில் செல்லூர்ச் சந்தில் போய் நின்றேன்.

துணியைக் கொடியில் போட்ட பெண் திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார். முதல் நாள் மூடை கட்டச் சொன்னது அவர்தான்.

"வாங்க சார். என்ன இம்புட்டு வெள்ளன? பிள்ளைக எட்டு மணிக்குத்தானே வருவாக?"

"இது என்னம்மா செய்யறீங்க?"

"சுத்தம் பண்ணுறோம். பின்ன என்ன சார், அந்தத் தம்பி வந்து நின்னு கோயில் வாசல்ல ஏலம் போடுற மாதிரி 'பதினாலு, இருவது'ன்னு கத்துது. தெருவே கேக்குது. எதுத்த வீட்டுக்காரி என்னைப் பார்த்து, 'உங்க வீட்டுல முப்பதாமே'ங்குறா. எனக்கு வெக்கமா இல்லையா? மக வேற கல்யாணத்துக்கு நிக்கிறா."

எதிர் வீட்டுப் பெண் சல்லடையோடு வாசலுக்கு வந்தாள். "நான் எங்க அப்படிச் சொன்னேன்? எங்க வீட்டுல போன வாரம் ரெண்டே ரெண்டுன்னுதான் சொன்னேன்."

"அதுக்கு என்ன அர்த்தமாம்?"

நான் குறுக்கிட்டு, எத்தனை வாரமாக இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டாவது வாரத்திலிருந்து என்றார்கள். மீன் விட்ட தொட்டிகளிலுமா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். துணியில் மீனும் சிக்கிச் சாக்கடைக்குப் போகாதா என்றேன். அப்போதுதான் இன்னொன்று வெளியே வந்தது. சொம்பு வைத்திருந்தவர் கடைசி வீட்டு நெசவாளி. மீன் விட்ட வீடு. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த மீனு மூணாம் நாளே செத்து மிதந்துச்சு சார். கஞ்சித் தண்ணி சேரலையோ என்னமோ. தம்பி அம்புட்டுத் தூரத்துலருந்து ரயில்ல கொண்டாந்து விட்டுச்சு. செத்துப்போச்சுன்னா அது மூஞ்சி வாடிப்போகும். அதான் நம்ம கண்மாயில துண்டைப் போட்டு நாலு புடிச்சாந்து விட்டேன். அதுவும் செத்துச்சு. மறுபடி விட்டேன்."

"எத்தனை தடவை?"

"அது ஆச்சு சார், அஞ்சாறு தடவை."

அவருக்குப் பக்கத்தில் நின்ற, மீன் விட்ட இன்னொரு வீட்டுக்காரரும் தன் வீட்டில் மூன்று தடவை என்றார். அவர்கள் யாரும் எதையும் மறைக்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எண்ணிக்கை குறைந்தால் அந்தத் தம்பிக்கு நல்ல மார்க்கு விழும் என்றுதான் சந்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு மாணவர்கள் வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். அன்று அவர்கள் வழக்கம்போல எண்ணினார்கள், உரக்கச் சொன்னார்கள். நான் அவர்களிடம் சொன்னது திங்கட்கிழமை பிற்பகலில். இடையில் இருந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும், சொல்லாமல் விட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அறிக்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. துறைத்தலைவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். இந்த ஆண்டு அறிக்கை நன்றாக அமைந்தால் அடுத்த ஆண்டு நான்கு மாணவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். இதையெல்லாம் நான் யோசித்தேன் என்பதை இங்கே எழுதிவிடுவதே சரி.

மாதிரிகள் வைத்திருந்த அறையில், ஃபார்மலின் ஜாடிகளுக்கு நடுவே, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். தல்லாகுளத்தான் சிரிக்கத் தொடங்கி, நண்பனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஊர்க்காரன் மேசையில் கிடந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு, "நீங்கதானே சார் உரக்கச் சொல்லச் சொன்னீக?" என்றான்.

"ஆமாம்."

"நான் மெதுவாத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன் முதல் நாள். நீங்கதான் கேக்கலை கேக்கலைன்னீக."

"ஆமாம்."

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"நமக்கு மூணு பேருக்கு. அப்புறம் செல்லூர்ல பன்னிரண்டு வீட்டுக்கு."

தல்லாகுளத்தான் மேசையில் ஏறி உட்கார்ந்தான். "அப்ப பிரச்சனை இல்லை. துறைத்தலைவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் செல்லூர்ல தறிச் சத்தம் கேட்டதே கிடையாது. மாப்ள, நான் சொல்றதைக் கேளு. மீன் புழுவைத் தின்னும். அது நிஜம். உங்க கண்மாயே சாட்சி. நம்ம எழுதுனதும் அதைத்தான் சொல்லுது. முடிவு சரின்னா கணக்கு எப்படி இருந்தா என்ன?"

"முடிவு சரியில்லைடா. தொட்டியில மீனு சாகுதுல்ல."

"அது ஒரு வீட்டுல."

"ரெண்டு வீட்டுல. மத்த நாலு வீட்டுல கேக்கலை. அங்கேயும் யாரும் மாத்தி விட்டாகளான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்காக? புழுவுக்காக மெட்ராஸை விடப்போறியா? மில்லுல போய் உக்காந்து பஞ்சுக்குள்ள தும்மிக்கிட்டு இருப்ப."

ஊர்க்காரன் நோட்டை எடுத்து, அடிக்கோலை வைத்து, பத்து வாரத்துப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டான். பதினோராவது வாரத்துக்கும் போட்டான். கிழிக்கவில்லை, எண்கள் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தன. அது முடியக் கால்மணி நேரம் ஆயிற்று. அதுவரை தல்லாகுளத்தான் ஒரு ஜாடியைக் கையில் எடுத்து, உள்ளிருந்த ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் நானும் ஊர்க்காரனும் துறைத்தலைவரிடம் போனோம். அவர் நாங்கள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். வீட்டுக்காரர்கள் மீனை மாற்றி விட்ட இடத்தில் மட்டும் புருவத்தைத் தூக்கினார். பிறகு என்னிடம் கேட்டார்: "எண்ணிக்கையை உரக்கச் சொல்வது யாருடைய யோசனை?" என்னுடையது என்றேன்.

அவர் நடந்துகொண்ட விதத்தில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. தொட்டிகளில் மனிதர்களின் தலையீடு இருந்தது என்று அறிக்கையின் கடைசியில் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தால், தாம் இப்போதே கையெழுத்திடுவதாகச் சொன்னார். பேனாவைத் திறந்தும்விட்டார். "புதிதாக எண்ணினால் எப்போது முடியும்?" என்று மாணவனைப் பார்த்துக் கேட்டார்.

"பரீட்சைக்கு அப்புறம்தான் முடியும் சார். ஆறு வாரம் வேணும். மே கடைசி."

"மே மாதம் நான் கொடைக்கானலில் இருப்பேன். தெரியுமா?"

"தபால்ல அனுப்புறேன் சார்."

"விண்ணப்பத்தின் கடைசி நாள் தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

பரீட்சை முடிந்த மறுவாரம் அவன் செல்லூரில் மறுபடி தொடங்கினான். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. தானே மொண்டு, தானே எழுதினான். இன்ன கிழமை என்றில்லாமல் வந்தான். சில நாள் விடியற்காலையில், சில நாள் மத்தியான வெயிலில். தல்லாகுளத்தான் இரண்டு தடவை துணைக்குப் போனான், பிறகு சட்டக் கல்லூரி விஷயமாக அலையத் தொடங்கிவிட்டான். நான் வாரத்துக்கு ஒருநாள் போனேன்.

தொட்டியைச் சுத்தம் செய்யாதீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொள்வதுதான் அவனுக்குப் பெரிய பாடாக இருந்தது.

"அழுக்கா வச்சுக்கச் சொல்லவா உங்களை காலேஜுல படிக்க வச்சாக?" என்றார், துணியால் புழு வடித்த அந்தப் பெண். அடுத்த வாரம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதுவரை ஒரு புழுகூட இருக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அவன் வாதாடவில்லை. அந்த வீட்டை நோட்டில் நீக்கினான். சந்துக் கோடியில் இன்னொரு வீட்டில் தொட்டியே விரிசல் விட்டது. பன்னிரண்டு பத்தானது. மீன் செத்தால் எடுத்து, தேதி எழுதிய புட்டியில் போட்டு வைக்கும்படி கடைசி வீட்டு நெசவாளியிடம் கேட்டுக்கொண்டான். அவர் அதை மிகவும் ஒழுங்காகச் செய்தார். புட்டிகளை வாசல் மாடத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார்.

ஆறு வாரத்தில் தெரிந்தது இதுதான். நல்ல தண்ணீர் மட்டும் உள்ள தொட்டிகளில் மீன் உயிரோடு இருந்தது. அங்கே புழு ஏறக்குறைய இல்லை. கஞ்சி போட்ட நூலை அலசும் தொட்டிகளில் மீன் மூன்று நான்கு நாளில் செத்தது. அங்கே புழு நிறைய இருந்தது. ஆக, எங்கே மீன் அதிகம் தேவையோ அங்கே மீன் பிழைப்பதில்லை. இந்தச் செய்தி எங்கள் துறையில் இருந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோடு போட்ட பத்து வாரத்து எண்களிலும் இல்லை. தொட்டிகளைச் சுத்தம் செய்ததையும் மீனை மாற்றி விட்டதையும் அவன் அறிக்கையின் நடுவிலேயே, தனித் தலைப்பின் கீழ், இரண்டு பக்கத்துக்கு எழுதினான். எண்ணிக்கையை உரக்கச் சொல்லச் சொன்னது யார் என்பதை எழுதவில்லை. அந்த வரியை நான் பென்சிலால் சேர்த்தேன். அவன் அதை மையால் எழுதிக்கொண்டான்.

மே மாதத்தின் கடைசி வாரத்தில் அறிக்கையைப் பதிவுத் தபாலில் கொடைக்கானலுக்கு அனுப்பினோம். கடைசி நாளைக் குறிப்பிட்டு நானும் ஒரு கடிதம் வைத்தேன். துறைத்தலைவர் எதையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்திடும் பழக்கம் இல்லாதவர். பதினேழு இடங்களில் திருத்தம் குறித்திருந்தார். ஓர் அட்டவணையைத் தாமே மறுபடி கூட்டிப் பார்த்து, ஓரத்தில் சரி என்று போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும், அதன் கீழே இந்த மாணவரைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன் என்ற ஒரு வரியும் இருந்தன.

விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய நாள் ஜூன் முதல் திங்கட்கிழமை. மலையிலிருந்து அந்த உறை எங்களுக்கு வந்தது அந்த வாரத்து வியாழக்கிழமை, பகல் தபாலில்.